இருட்டிய பின் ஒரு தோட்டம்



குருமனையின் முன்விளக்கு ஏன் இரவில் எரிவதில்லை என்று கடந்த சில மாதங்களில் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மின்கட்டணத்தைக் குறைக்கவா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஐயர் வீட்டில் ஆள் இல்லை போலும் என்று எண்ணி இரண்டு பேர் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பது பழைய வழக்கம், வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) விளக்கை நாங்கள் வேண்டுமென்றேதான் அணைத்து வைக்கிறோம். காரணத்தை எழுதலாம் என்று இந்த வாரம் என் மனைவி அனுமதி தந்திருக்கிறார். எழுதி முடித்ததும் தமக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள். இதுவரை ஆறு குருமனைகளில் குடியிருந்திருக்கிறோம். புது ஊரில் வந்து இறங்கியதும் நான் ஆலயத்தின் சாவியைத் தேடுவேன். அவர் கிணற்றைத் தேடுவார். அடுப்படிச் சாமான்களைப் பிரிக்கும் முன்பே, வெயில் எங்கே விழுகிறது, நிழல் எப்போது நகர்கிறது என்று வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிடுவார். செம்பருத்தி, ரோஜா, கனகாம்பரம், கோழிக்கொண்டை எனப் பளிச்சென்ற நிறங்களே அவருக்குப் பிடிக்கும். நான் வீடு சந்திக்கப் புறப்பட்ட பின், காலை எட்டு மணிமுதல் பத்து மணிவரை அவருக்குரிய நேரம். ஒவ்வொரு இடமாற்றத்தின்போதும் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவோம். இரண்டு ஊர்களில் அவர் நட்ட மாங்கன்றுகள் எங்களுக்குப் பின் வந்தவர்களுக்குக் காய்த்ததாகக் கேள்விப்பட்டோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு உடல்நலம் குன்றத் தொடங்கியது. காலையில் விரல்களை மடக்க முடியவில்லை என்றார். படியேறினால் களைப்பாக இருக்கிறது என்றார். அப்போது ஆலய விரிவாக்கப் பணி நடந்துகொண்டிருந்தது. செங்கல் வண்டிக்கும் கம்பிக்காரருக்கும் நடுவே நான் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லும்போதெல்லாம், "ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். இன்றைக்கு அதை எண்ணிப் பார்க்கும்போது, அந்தச் சொல்லை நான் பேச்சை முடிப்பதற்கே பயன்படுத்தினேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் வீட்டு நோயாளிகளின் படுக்கையருகே அரை மணி நேரம் அமர்ந்திருக்கத் தெரிந்த எனக்கு, சொந்த வீட்டில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியவில்லை. இப்படி ஒன்றரை ஆண்டு போயிற்று. கடைசியில் இரு கன்னங்களிலும் மூக்கின் மேலுமாக, சிறகு விரித்த பூச்சியின் வடிவில் சிவப்புத் தடிப்பு வந்த பிறகே இரத்தப் பரிசோதனை, பெரிய மருத்துவர் என்று அலைந்தோம். லூபஸ் என்றார்கள்.

உடலைக் காக்க வேண்டிய காவல் படை, உடலையே பகைவனாக எண்ணித் தாக்கும் நோய் அது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ஓநாய் என்று பொருள். முழுதாகப் போகாது, மாத்திரைகளால் அடக்கி வைக்கலாம். அவர் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று முதலில் மலேரியாவுக்கென்று வந்தது என்பதை அறிந்தபோது வியந்தேன். ஆனால் மருத்துவர் கடைசியாகச் சொன்னதுதான் எங்களை உலுக்கியது: வெயில் ஆகாது. உச்சி வெயில் மட்டுமல்ல, காலை வெயிலும் ஆகாது. மேகமூட்டம் என்று நம்பியும் வெளியே நிற்கக் கூடாது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் அந்த ஓநாயைத் தட்டி எழுப்பிவிடும்.

அந்தக் கோடை முழுவதும் அவர் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று தோட்டம் காய்வதைப் பார்த்தார். நான் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்தேன். நல்ல மனிதர், செடிகளைப் பிழைக்க வைத்தார். என் மனைவி சொன்னார்: "அது இப்ப அவர் தோட்டம். நான் வேடிக்கை பாக்கேன், அவ்வளவுதான்."

எபிரெயருக்கு ஒரு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது என்று இறையியல் கல்லூரியில் எங்களுக்குப் பழைய ஏற்பாடு நடத்திய பேராசிரியர் கற்பித்தார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் நாட்களை எண்ணும்போது மாலையை முன்னும் காலையைப் பின்னும் வைப்பதைக் காட்டி விளக்கினார். பத்துப் பன்னிரண்டு பிரசங்கங்களில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன், சபையார் தலையசைத்திருக்கிறார்கள். அதனால் என் வீட்டில் எதுவும் மாறியதில்லை. ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு என் மனைவி நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார். குப்பைக் குழியின் ஓரத்தில், யாரும் நடாமல் தானே முளைத்த அந்திமந்தாரை ஒன்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு இப்பதான் விடியுது" என்றார். பல மாதங்களுக்குப் பின் ஒரு செடியைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. அன்றிரவே ஒரு பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் தோட்டத்தின் வரைபடத்தைப் போட்டோம்.

முதல் தவறு என்னுடையது. இரவுத் தோட்டம் என்றால் விளக்கு வைத்த தோட்டம் என்று எண்ணிவிட்டேன். சூரிய மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் ஒரு டஜன் வாங்கி, அவருடைய சிவப்பு ரோஜாக்களைச் சுற்றி ஊன்றினேன். "தென்காசி ரயில் நிலையம் மாதிரி இருக்கு" என்பது அவர் தீர்ப்பு. விளக்கின் அடியில் ஒரு முழ வட்டம் பளிச்சென்று இருந்தது; அதைத் தாண்டி எல்லாமே மையிருட்டு. விளக்குகளை அணைத்துப் பார்த்தால், ரோஜாக்கள் கருப்பாக நின்றன. மங்கிய ஒளியில் நம் கண் வேறு வகை உயிரணுக்களைக் கொண்டு பார்க்கிறது. அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது, நீலமும் பச்சையும் வெளுப்பும் ஒப்பீட்டில் ஒளிகூடித் தெரியும். இதை முதலில் கவனித்து எழுதிய செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யேயின் பெயராலேயே அந்த விளைவை அழைக்கிறார்கள். அந்த உயிரணுக்கள் முழுமையாக விழித்துக்கொள்ள இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் போதும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஒரு டஜன் விளக்குகளும் ஓய்வுநாள் பாடசாலைக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போயின.

நாங்கள்தாம் இந்த வேலையில் இறங்கிய முதல் ஆட்கள் என்று எண்ணியிருந்தேன். ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு நேர் எதிரே, யமுனையின் மறுகரையில், மெஹ்தாப் பாக் என்னும் நிலவொளித் தோட்டம் இருக்கிறது. அதன் எண்கோணக் குளத்தில் தாஜின் நிழல் விழும்படி அமைத்திருந்தார்கள். 1652ஆம் ஆண்டிலேயே வெள்ளம் அதைக் கெடுத்துவிட்டதை ஔரங்கசீப் தம் தகப்பனுக்குக் கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள சிசிங்ஹர்ஸ்ட்டில், விட்டா சாக்வில்-வெஸ்ட் என்னும் எழுத்தாளர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைப் பூக்களும் சாம்பல் இலைகளும் மட்டுமே கொண்ட தோட்டத்தை, அந்தி நேரத்தை மனத்தில் வைத்து அமைத்தார். அதை ஒட்டிய கட்டடத்துக்குக் குருவின் இல்லம் என்று பெயர். அங்கேதான் அந்தக் குடும்பம் இராவுணவு உண்டது. இதை என் மனைவியிடம் சொன்னபோது, "அப்ப ஐயர் வீட்டுக்கு இது பொருத்தந்தான்" என்றார்.

எங்கள் இடம் முப்பது அடிக்கு நாற்பது அடி. மேற்கே ஆறடி மதில். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை அறிந்தவர்களுக்கு அந்த மதிலின் அருமை தெரியும். இரவுத் தோட்டத்தின் பாதி, மணம். காற்று அடித்தால் மணம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். எனவே மதிலின் மேல் இன்னும் நான்கடி கம்பிவலை கட்டி, ரங்கூன் மல்லியை ஏற்றினோம். அந்தக் கொடி அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் சிவந்துவிடும். வெள்ளையாக இருக்கும் முதல் இரவில் அந்துப்பூச்சிகளுக்கு. நிறம் மாறிய பிறகு பகலில் பறப்பவைகளுக்கு. எங்களுக்கு முதல் இரவுப் பூ மட்டுமே கண்ணில் படும். மற்றவை இருட்டோடு இருட்டாகிவிடும்.

பாதையின் இருபக்கமும் சுண்ணாம்பு அடித்த கற்களை வைத்தோம். நிலவில்லாத இரவிலும் அவை கால்களுக்கு வழி சொல்லும். நாற்காலிகளின் அருகே, மூக்குக்கு எட்டும் உயரத்தில் இரண்டு தொட்டிகளில் சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்து நம் மாலைகளில் குடியேறிவிட்ட கிழங்குச் செடி அது. பகலில் அடக்கமாக இருந்து இருட்டியதும் வாசனையைக் கூட்டும். வாசற்பந்தலில் முல்லை. தொல்காப்பியர் முல்லைத் திணைக்கு மாலைப் பொழுதை வகுத்ததற்கு நூல் சான்று தேவையில்லை. ஆறு மணிக்குப் பந்தலின் கீழ் நின்றால் போதும். கிழக்கு மூலையில் பவளமல்லி. அதன் பூ அந்தியில் அவிழ்ந்து விடியுமுன் உதிர்ந்துவிடும். விடிவதற்குச் சற்று முன்பு, அரைகுறை வெளிச்சத்தில் என் மனைவி ஓலைத் தட்டோடு போய்ப் பொறுக்கி வருவார். ஒளி பரவும் முன் வீட்டுக்குள் வந்துவிடுவார். நடுவே ஒரு சிமென்ட் தொட்டியில் குளத்து மண்ணிட்டு வெள்ளாம்பல் வைத்தோம். தாமரை கூம்பும் வேளையில் ஆம்பல் விரியும் என்று பள்ளியில் படித்தோம்; நான் கண்ணால் கண்டது ஐம்பது வயதுக்கு மேல். கொசு முட்டையிடாமலிருக்க அதில் கப்பி மீன்கள் விட்டிருக்கிறோம்.

இரவுராணியால் மட்டும் அடிபட்டோம். பெயரில் மயங்கி, படுக்கையறைச் சன்னலின் கீழேயே நட்டேன். பூத்த முதல் வாரம் இருவருக்கும் தலைவலி. அதன் காயும் இலையும் நஞ்சு என்பது பிறகே தெரிந்தது. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வளாகம் ஆயிற்றே என்று வேரோடு பெயர்த்து, பின்மதிலுக்கு அப்பால் கம்பி வேலிக்குள் கொண்டுபோய் வைத்தோம். இருபது கஜத் தூரத்திலிருந்து வரும்போது அதன் மணம் இனிமையாகவே இருக்கிறது.

"பூ வாசத்துக்குப் பாம்பு வரும், ஐயரே" என்று எச்சரிக்காதவர் இல்லை. பாம்பு மணத்தைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது. அடர்ந்த புதரும் சருகுக் குவியலும் அவற்றுக்கு ஒளிவிடம். எனவே செடிகளின் அடிப்பகுதியை ஒரு முழ உயரம்வரை கிளை கழித்து, மண் தெரியும்படி பெருக்கி வைக்கிறோம். பாதையில் நடக்கும்போது மட்டும் டார்ச். அது பின்வாசல் ஆணியில் தொங்குகிறது. ஒரு முறை சாரைப்பாம்பு ஒன்று தன் வழியே கடந்து போயிற்று.

அந்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1862இல் சார்லஸ் டார்வின், மடகாஸ்கரின் வெள்ளை ஆர்க்கிட் ஒன்றைக் கண்டார். அதன் தேன்குழல் ஏறக்குறைய ஓர் அடி நீளம். அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி அந்தத் தீவில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார். பலர் நகைத்தார்கள். 1882இல் அவர் இறந்தார். 1903இல் அந்தப் பூச்சியை அறிவியலாளர்கள் விவரித்தார்கள். காணாததை இருக்கிறது என்று சொல்லும் துணிவு நமக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சம்பங்கியின் முன்னால் சிறகடித்து நின்றபடியே தேனருந்தும் பருந்து அந்துப்பூச்சியை முதன்முதலாகக் கண்ட இரவில், என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினார். பேசினால் பறந்துவிடுமோ என்ற பயம்.

இனி விளக்குச் சங்கதி. ஆலயக் கோபுரத்துச் சிலுவைக்கு ஒளிபாய்ச்ச, சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பெரிய எல்இடி விளக்கைக் கொடுத்திருந்தார். அதன் பாதி ஒளி சிலுவைக்கும், மீதி குருமனைத் தோட்டத்துக்குமாக விழுந்தது. நாங்கள் நட்ட மேற்குப் பாதிக்கு இரவே வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் அணைத்து வைக்கலாமா என்று சேகரக் கமிட்டியில் கேட்டேன். நாற்பது நிமிட விவாதம். சிலுவையை இருட்டில் விடுவதா என்று ஒருவர் கேட்டார். மற்றொருவர் ஐயருக்குத் தூக்கம் கெடுகிறது போலும் என்றார். என் மனைவியின் நோயைச் சபையில் சொல்ல அப்போது அவருக்கு விருப்பமில்லை. ஆகவே நான் வாயடைத்து அமர்ந்திருந்தேன். தீர்மானம் இல்லாமல் கூட்டம் ஜெபத்துடன் முடிந்தது.

மறுவாரம் அந்தப் பெரியவரை வீட்டுக்கு அழைத்தோம். இரவு எட்டு மணிக்கு வந்தார். மூன்றாவது நாற்காலியை முல்லைப் பந்தலின் கீழ் போட்டோம். அவருக்கு மட்டும் என் மனைவியே தம் நோயைச் சொன்னார். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டு அம்மாவும் முல்லைதான் வைப்பா. மல்லிகை பிடிக்காது" என்றார். மறுநாள் காலையில் மின்பணியாளர் ஒருவரும் ஒரு தகர மறைப்புமாக வந்து நின்றார். விளக்கின் ஒளி சிலுவையைத் தாண்டி இறங்காதபடி தாமே பக்கத்தில் நின்று கட்டுவித்தார். "சிலுவைக்கு வெளிச்சம், ஐயரம்மாவுக்கு இருட்டு. சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பில் இது ஏறவில்லை.

இருட்டில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது மனிதர்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள். நிக்கொதேமு இரவில் வந்ததற்கு அச்சமே காரணம் என்று நான் வழக்கமாகப் பிரசங்கித்து வந்தேன். முகம் சரியாகத் தெரியாத இடத்தில்தான் கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு என்று இப்போது தோன்றுகிறது. ஓர் இரவு என் மனைவி அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றிப் பேசினார். எந்தெந்த நாளில் எதைச் சொன்னார், நான் எந்த வேலையைக் காரணம் காட்டினேன் என்று, கோபமில்லாமல், வரிசையாக. பகலில் என்றால் நான் இடைமறித்திருப்பேன். ஏதேனும் ஒரு வசனத்தை எடுத்திருப்பேன். அன்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு வெகுநேரம் தவளைச் சத்தம்.

பஸ்கா நிசான் மாதத்து முழுநிலவையொட்டி வருவது. எனவே கெத்செமனேயில் ஆண்டவர் முழங்காலிட்ட இரவு, நல்ல நிலவுள்ள இரவு. அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவ மரங்களின் இலையடி வெளிறியது, நிலவில் மினுங்கியிருக்கும். நம் ஈஸ்டர் கணக்கும் நிலவையே பின்பற்றுவதால் பெரிய வியாழன் இரவில் நமக்கும் நிலவு உண்டு. கடந்த ஆண்டு திருவிருந்து ஆராதனை முடிந்து வந்து, அங்கியைக் கூடக் கழற்றாமல் அவரருகே உட்கார்ந்தேன். அன்று அவருக்கு முழங்கால்கள் வீங்கியிருந்தன; ஆலயத்துக்கு வர முடியவில்லை. தம்மோடு ஒரு மணி நேரம் விழித்திருக்கும்படி சீடர்களிடம் கேட்கப்பட்ட அந்தப் பகுதியைத்தான் சற்று முன்பு பிரசங்கித்துவிட்டு வந்திருந்தேன். நான் எதுவும் பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே இருந்திருப்போம்.

குற்றாலத்துப் பக்கம் ஆசிரியையாக இருந்த சகோதரி ஒருவர் கொடுத்த நிஷாகந்திச் செடி இந்த ஆண்டு பூத்தது. பிரம்ம கமலம் என்று பலரும் சொல்லும் இது, உண்மையில் மத்திய அமெரிக்காவின் காட்டு மரங்களில் தொற்றி வளரும் ஒரு கள்ளி. இலை போலத் தெரிவது அதன் தண்டு. மொக்கு தலை நிமிர்த்திய அன்று மாலை இன்றைக்குத்தான் என்று என் மனைவி சொல்லிவிட்டார். எட்டரைக்கு மெல்ல அசைந்தது. பதினொன்றரைக்கு என் உள்ளங்கையை விடப் பெரிதாக விரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களும் பெரியவரும் வந்திருந்தார்கள். படம் எடுக்க வேண்டாம் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், காட்ட என்னிடம் எதுவுமில்லை. காலையில் அது ஈரத் துணி போல் தொங்கிக்கொண்டிருந்தது.

வருகிற மே மாதம் எங்களுக்கு இடமாற்றம். புதிய குருமனையில் மதில் இருக்கிறதா, தெருவிளக்கு எந்தப் பக்கம் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். தயிர்க் கிண்ணங்களில் துண்டு நட்டு வேர்விடும் பதியன்கள் வராந்தாவில் வரிசையாக நிற்கின்றன. இங்கே வரப்போகும் ஐயரம்மாவுக்கென்று ஒரு தாளில் குறிப்புகள் சொல்ல, நேற்றிரவு நான் எழுதினேன். முதல் வரி: முன்விளக்கைப் போட வேண்டாம், அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். இரண்டாவது வரி: டார்ச் பின்வாசல் ஆணியில் இருக்கிறது.